சீனி கரியும் வாசம்

டிசம்பர் 1, ஞாயிறு

இந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் ஏதோ நடக்கிறது. முதல் வரியிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். பிற்பாடு யாராவது "நீயா கற்பனை பண்ணிக்கிட்டே" என்று சொன்னால் காட்டுவதற்கு ஆதாரம் வேண்டும்.

திருச்சியில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் கேமரா திரைக்கு முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்தவள் நான். சேலையைச் சும்மா தடவிப் பார்க்கிறவள் யார், மடித்துப் பைக்குள் தள்ளப் போகிறவள் யார் என்று தோளைப் பார்த்தே சொல்லிவிடுவேன். கல்யாணமாகி இந்தப் பாளையங்கோட்டைக்கு வந்து ஏழு மாதம். கொஞ்ச நாளாக என் வீட்டுக்காரர் கிளாட்வினுக்கும் தோள் சரியில்லை, மாமியாருக்கும் தோள் சரியில்லை.

இன்று கோயில் முடிந்து வந்ததும் பழப் பரணியை இறக்கினோம். உலர்திராட்சை, பேரீச்சை, செர்ரி, ஆரஞ்சுத் தோல் எல்லாம் வைனில் ஊறுகிறது. மாமியார் மூடியைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"மோந்து பாரு. ஊறிட்டா?"

"எனக்கென்ன அத்தை தெரியும்? நீங்க பாருங்க."

"நீ பாரு பிள்ள. நாளைக்கு உன் அடுப்புதானே."

என் மாமியார் ராஜகனியின் மூக்கு என்றால் இந்தக் குடும்பத்தில் அவ்வளவு பெயர். கேட்டருகே நின்றே எந்த வீட்டில் என்ன குழம்பு என்று சொல்லிவிடுவாராம். அப்படிப்பட்டவர் என்னை மோந்து பார்க்கச் சொன்னால் என்ன அர்த்தம்? கெட்டுப்போனால் பழி என் தலையில். அதுதான் அர்த்தம்.

கிறிஸ்துமஸ் மதியம் குடும்பம் மொத்தமும் இங்கேதான் கூடும். கேக்கின் முதல் துண்டு என் மாமனாரின் தங்கை வயலட்டுக்கு. அவரைச் சாயர்புரத்து அத்தை என்போம். மாமனார் போன பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. அந்தத் துண்டைத் தின்றுவிட்டு அவர் சொல்லும் வார்த்தைதான் அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் ஊரெல்லாம் சுற்றும். என் கல்யாணப் பந்தியில் என்னைப் பார்த்து, "திருச்சிப் பிள்ளைக்கு அடுப்புப் பத்த வைக்கத் தெரியுமா?" என்று கேட்டவர் அவர்தான். பந்தியே சிரித்தது. இன்னும் எனக்கு வயிறு எரிகிறது.

டிசம்பர் 4, புதன்

காலையில் மாமியார் கொடுத்த காபியில் பால் திரிந்து நாறியது. வாயில் வைத்ததைத் தொட்டியில் துப்பினேன். அவர் எதிரே உட்கார்ந்து தன் டம்ளரைச் சொட்டு விடாமல் குடித்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அவருக்கு மட்டும் நல்ல பால், எனக்குக் கெட்ட பால்.

கிளாட்வினிடம் சொன்னேன். "பால்காரன் சரியில்ல" என்றார். என் கண்ணைப் பார்க்கவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

முந்திரிக்கொத்துப் பிடிக்க சாயர்புரத்து அத்தை வந்துவிட்டார். அவருக்கு முன்னால், வேண்டுமென்றே, மாமியார் என்னிடம் கரண்டியைக் கொடுத்தார்.

"பயற நீ வறு ஹெப்சி. வாசம் வந்ததும் சொல்லு."

"என்ன ராஜகனி, பயறு வறுக்குறத மருமககிட்ட உட்டுட்டியா?" என்றார் சாயர்புரத்து அத்தை. "உடம்புக்கு என்னமும் சேட்டமில்லையா?"

"பழகட்டுமேன்னுதான் மைனி."

இருவரும் என் கையையே பார்த்தபடி இருந்தால் யாருக்குத்தான் வரும்? ஒரு பக்கம் கருகிவிட்டது. சாயர்புரத்து அத்தை ஒரு பயறை எடுத்துக் கடித்து, தாடையை அசைத்து, ஒன்றும் சொல்லாமல் துப்பினார். ஏதாவது சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. மாமியார் என் பக்கத்தில்தான் நின்றார். கருகுகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

டிசம்பர் 11, புதன்

மாடியில் துணி எடுத்துவிட்டு இறங்கும்போது அடுப்படியில் குசுகுசுப்பு. நின்றேன். நான் ஒட்டுக் கேட்கிறவள் இல்லை. படியில் இருந்தேன், காதில் விழுந்தது.

"அவளுக்குத் தெரிய வேண்டாம்ல. தெரிஞ்சா இந்த வீட்ல நான் என்ன ஆவேன்?" இது மாமியார்.

"எத்தனை நாளைக்கும்மா மறைக்க?" இது என் புருஷன்.

நான் உள்ளே போனதும் அம்மாவும் மகனும் சிரித்தார்கள். கடையில் பிடிபட்டவர்கள் எல்லாரும் முதலில் அப்படித்தான் சிரிப்பார்கள்.

எனக்கு என்ன தெரியக்கூடாது? வேறு பெண்ணா? முன்னால் பேசி விட்டுப்போன சம்பந்தமா? கேட்டால் "ஒண்ணுமில்ல ஹெப்சி" என்பார். இந்த மாதத்தில் அவர் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான்.

டிசம்பர் 14, சனி

இன்று பிடித்துவிட்டேன். அடுப்படி மேடைக்கு அடியில், சிலிண்டர் பக்கத்தில், தரைக்கு ஒரு முழம் மேலே ஒரு வெள்ளைப் பெட்டியைக் கிளாட்வின் மாட்டியிருக்கிறார். பச்சை விளக்கு மினுக்குகிறது.

"என்னங்க இது?"

"கரண்ட் ஏறி இறங்குதுல்லா, அதுக்கு. அதத் தொடாத, என்ன?"

கரண்டுக்காம். யாரிடம் கதை விடுகிறார்? கேமராவோடேயே குடித்தனம் நடத்தியவள் நான். இந்த மாடலை நான் பார்த்ததில்லை, உண்மைதான். இப்போது பேனாவிலும் வருகிறது, பட்டனிலும் வருகிறது. கண்ணில் படாத உயரத்தில் வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். பகலில் நான் என்ன செய்கிறேன் என்று பார்க்கவேண்டும். எதற்கு? என் மேல் என்ன குற்றம் கண்டார்கள்?

வண்ணார்பேட்டையில் பைக் ஷோரூமில் சர்வீஸ் பார்க்கிறார். அங்கேயிருந்து இப்போதெல்லாம் பகலில் ஓயாமல் போன். "அம்மா அடுப்படியில இருக்காங்களா? நீயும் கூட நில்லு." ஒன்று நான் அவர் அம்மாவுக்குக் காவல், அல்லது அவர் அம்மா எனக்குக் காவல்.

டிசம்பர் 15, ஞாயிறு

பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். பச்சை விளக்கு அணைந்தது. முன்னால் அரிசி டின்னை நகர்த்தி வைத்துவிட்டேன். இனி வேண்டுமட்டும் பார்த்துக்கொள்ளட்டும்.

டிசம்பர் 18, புதன்

கிறிஸ்துமஸுக்கு முன்னால் சின்னதாக ஒரு கேக் போட்டுப் பார்ப்பது மாமியார் வழக்கம். கேக்குக்கு நிறம் கொடுப்பது கரித்த சீனி. வெறும் சட்டியில் சீனியைப் போட்டு, உருகி, தேன் நிறம் தாண்டி, கருஞ்சிவப்பாகிப் புகை கிளம்பும்போது வெந்நீர் ஊற்றவேண்டும். ஒரு நிமிஷம் முந்தினால் நிறம் இல்லை, பிந்தினால் கசப்பு. வாசத்தை வைத்துத்தான் பதம் பிடிக்கவேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

அந்த நேரம் பார்த்து, "கடைக்குப் போயி முட்ட வாங்கிட்டு வா" என்று என்னை அனுப்பினார். முட்டை வீட்டில் இருந்தது. திரும்பி வந்தால் தெருமுனை வரைக்கும் கரிந்த நாற்றம்.

மாலையில் கேக்கை வெட்டி முதல் துண்டை எனக்குத்தான் கொடுத்தார். வேப்பங்காய் தோற்றது. அவரும் ஒரு துண்டைத் தின்றுகொண்டு என் முகத்தையே பார்த்தார். இமைகூட ஆடவில்லை. அப்படி யாரும் என்னைப் பார்த்ததில்லை.

"எப்படி இருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் கிளாட்வின் பெரிய துண்டாக எடுத்து விழுங்கி, "சூப்பர்ம்மா" என்றார். மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். நானும் தலையை ஆட்டித் தொலைத்தேன்.

அதற்குப் பிறகு மாமியார் சொன்னார் பாருங்கள், அதுதான் உச்சம். "இந்த வருசம் கேக்கு ஹெப்சி போட்டதுன்னு சொல்லிருவோம் என்னல?"

புரிந்துவிட்டது. கசப்புக் கேக்கைச் சாயர்புரத்து அத்தை வாயில் வைத்து, என் பெயரை அதில் ஒட்டப் போகிறார்கள். அம்மாவும் மகனும் சேர்ந்து. எனக்கு அழுகை வந்தது, குளியலறைக்குப் போய் அழுதேன்.

26ஆம் தேதி திருச்சி பஸ்ஸுக்கு ஒரே ஒரு டிக்கெட் போட்டுவிட்டேன். அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். திரும்பி வருவதாக இல்லை. பழைய முதலாளியிடம் கேட்டால் வேலை தருவார். பை கட்டிலுக்கு அடியில் தயாராக இருக்கிறது.

டிசம்பர் 21, சனி

இன்று எழுத முடியவில்லை. நாளை எழுதுகிறேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

நேற்று வெண்ணெய் வாங்கிவிட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வாடை அடித்தது. காஸ். மூக்கைத் துளைக்கிறது.

ஓடினேன். அடுப்படியில் பால் பொங்கி வழிந்து ஒரு அடுப்பு அணைந்து கிடந்தது. குமிழ் திறந்தபடியே இருந்தது. பக்கத்தில் சட்டியில் சீனி. மாமியார் நிதானமாகத் தீப்பெட்டியைத் திறந்து ஒரு குச்சியை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, வேணாம்" என்று கத்திக்கொண்டே கையைத் தட்டிவிட்டேன். குச்சிகள் தரையெல்லாம் சிதறின. அவரை இழுத்து வாசலில் தள்ளி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி உள்ளே போய்ச் சிலிண்டரை மூடினேன். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தேன்.

வெளியே வந்தால், "என்ன பிள்ள, என்னாச்சு? ஏன் இப்படிப் பிடிச்சு இழுத்தே?" என்கிறார்.

"காஸ் அத்தை. தெரு வரைக்கும் நாறுது. உங்களுக்கு வாடை வரலையா?"

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். திருடிய பொருளோடு பிடிபட்டவர்கள் கடைசியில் சிரிப்பை விட்டுவிட்டு ஒரு பார்வை பார்ப்பார்கள். அது எனக்குத் தெரியும்.

திரிந்த பால், மோந்து பாரு, வாசம் வந்ததும் சொல்லு, கரிந்த சீனி. எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. நான் தோளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

போன் போட்டதும் கிளாட்வின் பறந்து வந்தார். வந்தவர் நேராகக் குனிந்து அரிசி டின்னை நகர்த்தினார்.

"இத யாரு பிடுங்குனது? காஸ் கசிஞ்சா கத்துற பெட்டிம்மா இது. போன மாசமே ஒரு தடவ இப்படி ஆச்சுன்னுதான வாங்கி மாட்டுனேன்?"

நான் குனிந்து தரையில் கிடந்த தீக்குச்சிகளைப் பொறுக்கினேன்.

"நாந்தாம்ல" என்றார் மாமியார். "மிக்ஸி போடதுக்கு எடுத்தேன். திரும்பச் சொருக மறந்துட்டேன்."

மிக்ஸி இருப்பது எதிர்ச் சுவரில். அதற்கு அங்கேயே தனி பிளக் இருக்கிறது. கிளாட்வினுக்கு இருந்த கோபத்தில் அது தோன்றவில்லை. "செத்துருந்தா என்னம்மா பண்ணிருப்பேன்? ரெண்டு பேரும் செத்துருந்தா?" என்று அம்மாவைப் பிடித்துத் திட்டு திட்டு என்று திட்டினார். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து அழுதார். மாமியார் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

டிசம்பர் 23, திங்கள்

இன்று கேக் போட்டோம். நானும் மாமியாரும் மட்டும். கதவைச் சாத்திக்கொண்டு.

ஆகஸ்டில் அவருக்குக் காய்ச்சல் வந்தபோது நான் என் அம்மாவின் ஆபரேஷனுக்காகத் திருச்சியில் இருந்தேன். காய்ச்சல் போனது. போகும்போது மூக்கையும் நாக்கையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. திரும்ப வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"எங்கிட்ட ஏன் அத்தை சொல்லல?"

"என் மாமியாருக்குக் கண்ணு மங்குனப்போ, 'நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கிடுதேன்'னு நாற்காலி எடுத்துப் போட்டேன். நல்ல எண்ணத்துலதான் போட்டேன். அதுக்கப்புறம் யாரும் அவங்ககிட்ட உப்பு போதுமான்னுகூடக் கேக்கல்ல. அந்த நாற்காலிலயே இருந்துதான் போய்ச் சேர்ந்தாவ." அடுப்படி வாசலில் கிடக்கும் பிரம்பு நாற்காலியைக் கண்ணால் காட்டினார். "அது எனக்கு வேண்டாம்."

"அதுக்காக? கசப்புக் கேக்க என் பேர்ல சொல்லலாமா?"

மாவைக் கிண்டிய கை நின்றது. "புது மருமகள்னா ஒரு வருசம் பேசுவாவ, மறந்துருவாவ. நான்னா மறக்க மாட்டாவளே. அப்படித்தான் நெனச்சேன். தப்புத்தான்."

எனக்குக் கோபம் வந்தது. வந்ததை எழுதாமல் விட்டால் இந்த டைரிக்கு மரியாதை இல்லை. பிளக்கை எடுத்தவள் கோபப்படலாமா என்றும் கேட்டுக்கொண்டேன்.

"பிளக்க..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் பிள்ள. அது என்னன்னு அவன் உங்கிட்ட சொல்லல்ல. சொல்ல விடாதது நான். போதும், சீனியப் பாரு."

சீனி உருகியது. அவர் கிண்டினார், நான் மோந்தேன். "இப்ப" என்றேன், வெந்நீரை ஊற்றினார்.

டிக்கெட்டை நான் ரத்து செய்யவில்லை. ஒரு கேக் நன்றாக வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

டிசம்பர் 25, புதன்

வீடு கொள்ளாத கூட்டம். பிரியாணிச் சட்டி காலி. கேக்கின் முதல் துண்டு சாயர்புரத்து அத்தைக்குப் போனது. கடித்தார், தாடையை அசைத்தார். "நல்லாருக்கு" என்றார். அவர் வாயில் அந்த வார்த்தை வந்ததே பெரிய விஷயம். யார் போட்டது என்று மாமியார் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அதோடு முடிந்திருக்கவேண்டும். சாயர்புரத்து அத்தை கூடையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். வீட்டில் போட்ட வைன்.

"ராஜகனி, இது புளிச்சுட்டுன்னு என் மகன் சொல்லுதான். இல்லன்னு நான் சொல்லுதேன். உன் மூக்குதான ஊரறிஞ்ச மூக்கு. மோந்து ஒரு வார்த்த சொல்லு." கண்ணாடிக் கிளாஸில் ஊற்றி நீட்டினார். "நீ முன்ன மாரி இல்லன்னு எனக்கு ஒரு சந்தேகம், சொல்லிட்டேன்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமியார் கிளாஸை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். கிளாட்வின் எழுந்துவிட்டார், ஆனால் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

நான் போய் மாமியார் கையிலிருந்த கிளாஸைப் பிடுங்கி ஒரே மடக்கில் குடித்தேன்.

"எனக்கு வைன்னா உசுரு அத்தை" என்றேன். குமட்டியது. "ஐயே, ஒரே புளிப்பு. காடி மாதிரி இருக்கு."

யாரோ இருமினார்கள். சாயர்புரத்து அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். "பெரியவங்க கைல இருக்கத பறிச்சுக் குடிக்குதா. நல்ல வளப்பு. திருச்சில இப்படித்தான் போலுக்கு."

அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் ஊர் பேச ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. எனக்குக் காது சுட்டது. மாமியார் காலிக் கிளாஸை என் கையிலிருந்து வாங்கி மூக்கில் வைத்து, "அவ சொன்னது சரிதான் மைனி. புளிச்சுட்டு" என்றார்.

சாமான் கழுவும்போது நாங்கள் இருவரும் அதை நினைத்துச் சத்தம் வராமல் சிரித்தோம். வெளியே சாயர்புரத்து அத்தை கிளாட்வினிடம் கேட்பது காதில் விழுந்தது. "உங்கம்மாவும் உன் பொண்டாட்டியும் அங்கன என்னல குசுகுசுங்காளுவ?"

"ஒண்ணுமில்ல அத்தை" என்றார் அவர்.

டிசம்பர் 26, வியாழன்

விருந்தாளிகள் போய்விட்டார்கள். மத்தியானம் கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தேன். கனத்தது. திறந்தால் துணிகளுக்கு மேலே செய்தித்தாள் சுற்றிய ஒரு டின். உள்ளே ஒரு முழுக் கேக்.

டின்னைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு, மாமியாரிடம் போனேன்.

"பைய எப்ப பாத்தீங்க?"

"நேத்து வயலட் மைனிக்குப் பாய் எடுக்கக் குனிஞ்சப்போ."

"ஏன் கேக்கல?"

"கேட்டா ஒண்ணுமில்லம்பே. இந்த வீட்ல எல்லாரும் அததான சொல்லுதோம்." துணியால் மேடையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "போறதுன்னா வெறுங்கையோட போகாத. உங்க அம்மாவுக்குக் குடு. காலைல நீ எந்திரிக்க முன்ன நானே போட்டேன்."

கத்தியை எடுத்து ஒரு துண்டு வெட்டினேன். வாயில் வைத்தேன். 18ஆம் தேதிக் கேக்கே தேவலை. அவர் என் முகத்தையே பார்த்தார், அதே இமைக்காத பார்வை. என்னை உளவு பார்க்கிற பார்வை என்று அன்றைக்கு எழுதியிருப்பேன். தன் கேக் எப்படி இருக்கிறது என்று பார்க்க அவருக்கு என் முகத்தை விட்டால் வேறு இடம் இல்லை.

கிளாட்வின் வந்து ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டார். 'சூப்பர்' என்று சொல்வதற்கு வாய் குவிந்தது. நான் பார்த்தேன். மூடிக்கொண்டார்.

"கசக்குது அத்தை. வாயில வைக்க முடியல."

அவர் துணியைக் கீழே வைத்தார். கண் அந்தப் பிரம்பு நாற்காலிக்குப் போனது. கை அதன் முதுகைப் பிடித்தது.

நாற்காலியைத் தூக்கிக் கிளாட்வின் கையில் கொடுத்தேன். "இத மாடில கொண்டுபோய்ப் போடுங்க. நடக்க இடைஞ்சலா இருக்கு."

பிறகு சீனி டப்பாவை எடுத்தேன். "சட்டிய வைங்க. நீங்க கிண்டுங்க. எப்ப ஊத்தணும்னு நான் சொல்றேன்."

"உனக்கு பஸ்ஸுக்கு நேரமாகலையா?"

"சட்டிய வைங்க அத்தை."

மேடைக்கு அடியில் பச்சை விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்தேன். எரிந்தது. அவர் தீக்குச்சியை என் பக்கம் நீட்டினார். நான் மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டியதும் உரசினார். சீனி ஓரத்தில் உருகத் தொடங்கியது.

"இப்பவா?"

"இன்னும் இல்ல."

தேன் நிறம் வந்தது. கிளாட்வின் மாடியிலிருந்து இறங்கி வந்து வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இப்பவா பிள்ள?"

"பொறுங்க."

புதுப் பஸ் நிலையத்தில் என் பஸ் கிளம்பியிருக்கும். சட்டியிலிருந்து மெல்லிசாக ஒரு புகை எழுந்தது, அதோடு அந்த வாசமும்.

"ஊத்துங்க அத்தை" என்றேன்.